பதினேழாயிரம் கோடி

பகலில் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு துகள்கூட இருக்கக் கூடாது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டுக்கு மேற்கே ஹில்ஸ்பரோவில் சிலிக்கான் சில்லு செய்யும் ஆலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடைக்குள் நுழைந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும். காற்றில் மிதக்கும் தூசியை எண்ணுவதற்கென்றே கருவிகள் ஓடிக்கொண்டிருக்கும். கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கு வேஃபர் மீது விழுந்தால் அந்தச் சில்லு குப்பைக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேரேஜ் கதவைத் திறந்தால் கணக்கு தலைகீழ். 19 லிட்டர் சாற்றுக்குள் 17,100 கோடி உயிர்களை நானே விட வேண்டும். குறைந்தால் பீர் சரியாக வராது.

17,100 கோடி என்றதும் நம் ஊர் நண்பர்கள் எந்த அமைச்சர் என்றுதான் கேட்டார்கள். அது ஈஸ்ட் கணக்கு. முளைகட்டி உலர்த்திய, அதாவது மால்ட் செய்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றை வோர்ட் என்பார்கள். சாதாரண ஏல் வகை பீருக்கு அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை இருக்கும். ஒரு மில்லிலிட்டருக்கு, ஒவ்வொரு பங்கு சர்க்கரைக்கும், ஏழரை லட்சம் ஈஸ்ட் செல்கள் என்பது பீர்க்காரர்களின் வாய்ப்பாடு. பன்னிரண்டால் பெருக்கினால் ஒரு மில்லிக்கு 90 லட்சம். ஐந்து கேலன், அதாவது 19 லிட்டருக்கு, மேலே சொன்ன தொகை வந்துவிடும்.

வீட்டிலேயே பீர் செய்வது அமெரிக்காவில் 1978 வரை கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அந்த ஆண்டு அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான், விற்காமல் குடிப்பதற்கு ஒரு வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை செய்யலாம் என்று ஆயிற்று. வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீடென்றால் 100 கேலன். போர்ட்லண்டுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாக இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அங்கே ஸ்டைன்பார்ட் என்ற கடை 1918-லிருந்து இந்தச் சாமான்களை விற்றுவந்தது. ஊருக்குத் தெற்கே வில்லமெட் பள்ளத்தாக்கு முழுக்க, பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் கொடி. அமெரிக்க பீரின் வாசனையையே மாற்றிய கேஸ்கேட் ஹாப்ஸ், பக்கத்து கொர்வாலிஸில் உருவாகி 1972-ல் வெளிவந்தது. கிழக்கே பனி மூடிய ஹூட் மலையடிவாரத்தில் 1986-லிருந்து ஒரு நிறுவனம் திரவ ஈஸ்ட் வளர்த்து உறையில் அடைத்து அனுப்புகிறது, பெயர் வையீஸ்ட். உறைக்குள்ளே சத்து நீர் கொண்ட ஒரு சின்னப் பை இருக்கும். உள்ளங்கையால் ஓங்கி அறைந்து அதை உடைக்க வேண்டும். சில மணி நேரத்தில் உறை தலையணைபோல் உப்பும். அறைவதற்காகவே அதை வாங்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரர்தான் எனக்கு இந்தப் பழக்கத்தை ஏற்றிவிட்டவர். அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் எதையும் எண்ணியதில்லை. ஊரில் தானே பீர் காய்ச்சும் ஒரு சின்ன மதுக்கூடத்தின் பின்கதவைத் தட்டி, அன்று காலியான தொட்டியின் அடியில் தங்கிய ஈஸ்ட் குழம்பை ஜாம் பாட்டிலில் வாங்கிக்கொண்டு வருவார். போர்ட்லண்டில் இது சகஜம், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். மோந்து பார்ப்பார். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பார். ரொட்டி வாசனை வந்தால் சரி, பழைய ரப்பர் வாசனை வந்தால் சாக்கடைக்கு. வாங்கிய அன்றே வோர்ட் தயாராக இருக்க வேண்டும் என்பது மட்டும் அவரிடம் மாறாத விதி. ஈஸ்ட் கிடைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார். நானெல்லாம் பீரைக் காய்ச்சிவிட்டு ஃபிரிட்ஜில் ஈஸ்டைத் தேடுகிற கட்சி.

எண்ணக் கற்றுக்கொடுத்தவர் வேறொருவர். வீட்டில் பீர் செய்கிற எங்கள் குழுவில் இருந்த நுண்ணுயிரியல் ஆய்வகப் பெண்மணி. ஒரு சனிக்கிழமை பழைய மைக்ராஸ்கோப்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் கேரேஜ் மேசையில் வைத்தார். செல் எண்ணும் கண்ணாடிச் சில்லு என்று ஒன்று உண்டு. அதன் நடுவில் ஒரு மில்லிமீட்டர் சதுரம், அதற்குள் 25 கட்டங்கள், ஆழம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதில் எண்ணி வந்ததைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டருக்கான எண்ணிக்கை. முன்னதாக எத்தனை மடங்கு நீர் கலந்தோமோ அதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கும் செல்லை என்ன செய்வது என்பதற்கும் சட்டம் உண்டு: மேல்கோடும் இடக்கோடும் கணக்கில் வரும், கீழ்க்கோடும் வலக்கோடும் வராது. தாயின் உடம்பில் மொட்டுவிட்ட பிள்ளை தாயின் பாதி அளவைத் தாண்டினால்தான் தனி ஆள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

பிறகு மெத்திலீன் நீலம் ஒரு துளி. உயிருள்ள செல் அந்தச் சாயத்தை நிறமிழக்கச் செய்துவிடும். செத்த செல் நீலமாகவே கிடக்கும். லென்ஸில் முதலில் பார்த்தபோது ஒன்றும் புரியவில்லை. கண் பழகியதும் பளிங்குக் குண்டுகள் தெரிந்தன, நடுநடுவே நீலப் புள்ளிகள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிறமற்று இருந்தால் நல்ல ஈஸ்ட் என்றார் அவர். கடையில் வாங்கும் திரவ ஈஸ்ட் உறையில் புதிதாக இருக்கும்போது 10,000 கோடி செல்கள். ஐந்து கேலன் ஏலுக்கு அதுவே போதாது. குளிரில் வைத்தாலும் மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு சாகும் என்று தோராயமாகக் கணக்குப் போடுவார்கள். மூன்று மாதம் தாண்டிய உறையில் பாதிதான் மிஞ்சும். உறை உப்புவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. உள்ளே யாரோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி, எத்தனை பேர் என்பதற்கு இல்லை.

அதனால்தான் ஸ்டார்ட்டர். உலர்ந்த மால்ட் சாரம் 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, கூம்புக் குடுவையில் ஊற்றி அதில் ஈஸ்டை விட்டு வளர்ப்பது. குடுவைக்கு அடியில் பழைய கணினியின் விசிறி, அதன் தலையில் ஒட்டிய காந்தம். குடுவைக்குள் விரல் நீளம்கூட இல்லாத காந்தக் குச்சி. சுற்றிக்கொண்டே இருந்தால் காற்று உள்ளே போகும், ஈஸ்ட் அடியில் தூங்காது. இரண்டு நாளில் சாறு பால்போல் வெளுக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் அடியில் படியும், மேல்நீரை இறுத்துவிட்டு அடிக்கூழை மட்டும் விடலாம். உலர் ஈஸ்ட் வாங்குகிறவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. ஒரு 11.5 கிராம் பொட்டலம் சாதாரண ஏலுக்குத் தாராளம். அதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள். பெயரை மறைத்துச் சுவைக்கக் கொடுத்தால் எது உலர், எது திரவம் என்று அவர்களால் சொல்ல முடிந்து நான் பார்த்ததில்லை.

எண்ணிக்கை கையில் வந்ததும் எனக்கு ஆலைப் புத்தி தலைகாட்டியது. ஒரே வோர்ட், மூன்று கண்ணாடிக் குடம், மூன்று அளவு ஈஸ்ட் என்று திட்டம் போட்டேன். கேஸ்கேட் போட்ட வெளிர் ஏல். முதல் குடத்தில் வாய்ப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் சரியான அளவு, மூன்றாவதில் நான்கு மடங்கு. மூன்றும் 19 டிகிரி செல்சியஸில் ஒரே அலமாரியில்.

மூன்றாவது குடம் இரவுச் சாப்பாட்டுக்குள் நுரை தள்ளியது. இரண்டாவதில், வாயில் செருகிய ஏர்லாக் விடியற்காலை குமிழிவிட்டுப் பேச ஆரம்பித்தது. முதலாவது இரண்டு இரவு வாயே திறக்கவில்லை. இந்த மௌனம்தான் ஆபத்து. சாற்றில் சர்க்கரை இருக்கிறது, இளஞ்சூடு இருக்கிறது. யார் முதலில் வந்து குடியேறுகிறார்களோ அவர்களுக்கே வீடு. பாக்டீரியாவுக்கும் அந்த முகவரி தெரியும். தப்பித்தவறி வேறு யாரும் வராவிட்டாலும், குறைவாக விட்ட ஈஸ்ட் பெருகிப் பெருகியே களைத்துப்போகும். அப்படிப் பெருகும் அவசரத்தில் அது கக்கும் பக்கப் பொருட்கள்தான் பீரில் வேண்டாத வாசனையாக நிற்கும். முதல் குடத்தைத் திறந்தபோது நகப்பூச்சு வாசனையும் பச்சை ஆப்பிள் வாசனையும் வந்தன. மிச்சச் சர்க்கரையைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.018-ல் நின்றுவிட்டது. நடுக்குடத்தில் 1.011. மூன்றாவதில் அதற்கும் ஒரு புள்ளி கீழே.

எல்லாரும் மூன்றாவதைத்தான் புகழ்வார்கள் என்று எதிர்பார்த்தேன். குற்றம் சொல்ல அதில் ஒன்றும் இல்லை, ஆனால் சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. வெள்ளையடித்த சுவர் மாதிரி என்றார் அச்சகப் பெரியவர். ஈஸ்ட் ஓரளவு பெருகினால்தான் பீரில் பழ வாசனையும் உருவமும் வரும். வேலைக்கு ஆள் அதிகமாகி யாரும் பெருக வேண்டிய தேவையே இல்லாமல் போனால் சுவை மெலிந்துவிடும். கோதுமை பீருக்கு மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டால் வாழைப்பழ வாசனை தூக்கலாக வரும் என்று ஒரு கட்சி உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்கு வாழைப்பழம் பழமாகவே பிடிக்கும்.

இத்தோடு நின்றிருந்தால் எண்ணிக்கைதான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். ஆய்வகப் பெண்மணிதான் அடுத்த சோதனையைச் சொன்னார். இரண்டு குடம் போதும், இரண்டிலும் உயிருள்ள செல்கள் ஒரே எண்ணிக்கை. ஒன்றில் முந்தாநாள் ஸ்டார்ட்டரில் வளர்ந்த ஈஸ்ட். மற்றதில் ஃபிரிட்ஜின் மூலையில் மாதக்கணக்கில் கிடந்த பழைய ஈஸ்ட், நீலமாகாத செல்களை மட்டும் கணக்கில் எடுத்து, குறைந்ததற்குக் கூடுதல் கூழை ஊற்றிச் சரிக்கட்டியது. காகிதத்தில் இரண்டும் சமம். புதியது மறுநாள் காலையில் பொங்கியது. பழையது ஒரு நாளுக்கு மேல் இழுத்தடித்து, பிறகு அரைமனதாக வேலை செய்து, பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது.

காரணத்தை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. மெத்திலீன் நீலம் மரணத்தைத்தான் கண்டுபிடிக்கும், பசியைக் கண்டுபிடிக்காது. கிடப்பில் இருக்கும் ஈஸ்ட் தன் உடம்பில் சேர்த்த கிளைக்கோஜனையும் டிரெஹலோஸையும் தின்றே காலம் தள்ளும். சேமிப்பு தீர்ந்த செல் சாகாமல் இருக்கும், அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய்ச் சர்க்கரைக் கடலில் தள்ளினால் முதலில் தன் உடம்பைத் தேற்றவே அதற்கு நேரம் வேண்டும். தேறுவதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஈஸ்டின் வெளிச்சவ்வு வளைந்துகொடுக்க ஸ்டீரால் என்ற கொழுப்பு தேவை. அதைச் செய்ய ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. ஆக்சிஜன் தீர்ந்த பிறகு ஒவ்வொரு பிரசவத்திலும் தாய் தன்னிடம் உள்ள ஸ்டீராலைப் பிள்ளையோடு பங்குபோட்டுக்கொள்ள வேண்டியதுதான். மூன்று நான்கு தலைமுறையில் பங்கு தீர்ந்துவிடும். அப்புறம் சாராயம் ஏற ஏற சவ்வு தாங்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வோர்ட்டைக் கொதிக்கவைக்கும்போது அதிலிருந்த ஆக்சிஜன் முழுவதையும் நாமே விரட்டிவிடுகிறோம். செப்புச் சுருளை உள்ளே இறக்கிக் குழாய்த் தண்ணீர் விட்டுக் குளிரவைத்த பிறகு, காற்றை மறுபடி உள்ளே ஏற்ற வேண்டும். குடத்தை மடியில் வைத்துக் குலுக்கலாம். கை ஓயும்வரை குலுக்கினாலும் பத்து லட்சத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ஏறாது. கனமான பீருக்குச் சின்ன ஆக்சிஜன் உருளையிலிருந்து நுண்துளை எஃகுக் கல் வழியாக ஒரு நிமிடம் விடுவார்கள். பெரும்பாலும் நான் குலுக்குகிற கட்சிதான். தோள்பட்டை அதை நினைவில் வைத்திருக்கிறது.

அச்சகப் பெரியவரிடம் இரண்டு குடத்தின் முடிவையும் சொன்னபோது அவர் சிரித்தார். அன்றே வாங்கி அன்றே விடு என்று நான் சொன்னதற்கு மைக்ராஸ்கோப் வேண்டியிருந்ததா என்றார். அவருடைய ஜாம் பாட்டில் குழம்பை எண்ணிப் பார்த்தோம். ஒரு மில்லிக்கு நூறு கோடிக்கும் மேல், நீலப் புள்ளி அங்கொன்றும் இங்கொன்றும். அவர் கண்மதிப்பில் ஊற்றும் ஒரு கோப்பை எங்கள் வாய்ப்பாட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது.

ஊரிலிருந்து அம்மா வந்தது குளிர்காலத்தில். அப்போது நான் பில்ஸ்னர் செய்துகொண்டிருந்தேன். லாகர் வகை, பத்து டிகிரியில் நொதிக்க வேண்டியது. எங்கள் கேரேஜ் டிசம்பரில் இலவசமாக அந்தக் குளிரைக் கொடுத்தது. குளிரில் ஈஸ்ட் மெதுவாகப் பெருகும் என்பதால் ஏலுக்குச் சொன்னதைப்போல இரண்டு மடங்கு விட வேண்டும்: 34,200 கோடி. சின்ன ஸ்டார்ட்டரிலிருந்து பெரிய ஸ்டார்ட்டர், அதிலிருந்து அதைவிடப் பெரியது என்று சமையலறைப் பானைகள் ஒவ்வொன்றாகக் கேரேஜுக்கு இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. அம்மாவுக்கு உடன்குடிப் பக்கம். தாத்தா பனையேறியவர்.

"என்னல இது, கேரேஜுக்குள்ள சாராயமா காய்ச்சுத?"

பீர் என்றேன். சட்டப்படி செய்யலாம் என்றேன். அமெரிக்கச் சட்டம் அம்மாவுக்குப் பெரிதாகப் படவில்லை. பானைகள் எதற்கு என்பதுதான் அவர் கேள்வி. குளிருக்கு இரட்டிப்பு ஈஸ்ட் வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"குளிர்னா உறை மோரு கூடத்தான ஊத்தணும். இதுல என்னல ஆராய்ச்சி?"

பிறகு அவராகவே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தாத்தாவைப் பற்றிப் பேசினார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாவிட்டால் கள். யாராவது கேட்டால் எப்போதும் பதநீர்தான். "கள்ளுக் கலயத்த எங்கய்யா கழுவ மாட்டாரு. நேத்து கலயத்துலதான் இன்னைக்கும். புதுக் கலயம்னா சீக்கிரம் புளிக்காது." சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் வேலை செய்யாது, கழுவாத கலயத்தில் நேற்றைய ஈஸ்ட் அடியில் ஒட்டியிருக்கிறது, புதுச்சாறு வந்து விழுந்ததும் வேலையைத் தொடங்குகிறது. பனங்கள்ளில் வேலை செய்வதும் பெரும்பாலும் ஏலுக்கு நாங்கள் விடும் அதே சாக்கரோமைசிஸ் செரவிசியே இனம்தான். ஆய்வகப் பெண்மணியிடம் இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

பதிலுக்கு அவர் அம்மாவுக்கு யாக்கோப்சனின் கதையைச் சொன்னார். டென்மார்க்கில் கார்ல்ஸ்பர்க்கைத் தொடங்கிய ஜே. சி. யாக்கோப்சன் 1845-ல் மியூனிக் போய், ஷ்பாட்டன் ஆலையிலிருந்து லாகர் ஈஸ்ட் வாங்கித் தொப்பிப் பெட்டிக்குள் வைத்துக் கோபன்ஹேகனுக்குக் கொண்டுவந்தார். நெடுந்தூரக் குதிரை வண்டிப் பயணம். வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கிப் பாத்திரத்தின்மேல் குளிர்ந்த நீர் ஊற்றினாராம். பின்னாளில் கார்ல்ஸ்பர்க் ஆலையின் ஆய்வகத்தில், 1883-ல், எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய லாகர் ஈஸ்டை வளர்த்தெடுத்தார். யாக்கோப்சன் அதைப் பூட்டிவைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார். அம்மா தொப்பிப் பெட்டியை ரசித்தார். ஹான்சனை அவ்வளவாக ரசிக்கவில்லை. ஒன்றே ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார், சரியான கேள்வி.

பில்ஸ்னர் நல்லபடி வந்தது. லாகரில் ஈஸ்ட் போதாமல் போனால் வரும் வெண்ணெய் நெடி இல்லை. அம்மா அதைத் தொடவில்லை. அவர் கண் குடத்தின் அடியில் படிந்திருந்த வெள்ளைக் கூழின்மேல்தான் இருந்தது. ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றி எத்தனை வருஷம் ஆயிற்று என்று சொல்லிக்கொண்டே ஒரு கரண்டி எடுத்துப் போனார். முதல் ஆப்பம் ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சாக வந்தது, ஆனால் கசந்தது. கூழில் ஹாப்ஸ் இருந்தது. கொதித்து ஆறிய தண்ணீர் விட்டுக் கலக்கித் தெளியவைத்து, நடுவில் நிற்கும் வெள்ளையை மட்டும் எடுக்கலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். மறுநாள் மாவில் கசப்புப் போய்விட்டது. ஆய்வகப் பெண்மணி ஒரு கரண்டி என்றால் எத்தனை மில்லி என்று விசாரித்தார். அச்சகப் பெரியவர் ஒன்றும் விசாரிக்காமல் நான்கு ஆப்பம் சாப்பிட்டார். என் பில்ஸ்னரில் அரைக் கோப்பையோடு நிறுத்திக்கொண்டு, இன்னும் ஆப்பம் இருக்கிறதா என்று அம்மாவிடம் சைகையில் கேட்டார்.